பிரெஞ்சு செல்லோ கலைஞர் பால் டோர்ட்டலியேயின் செல்லோ ஊன்றுகம்பி ஏன் வளைந்திருந்தது?

செல்லோவைப் படுக்கைவாட்டில் பிடிப்பதற்காக. (செல்லோ, உட்கார்ந்து வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்; ஊன்றுகம்பி அதைத் தரையில் தாங்குவது.) நேர்க்கம்பியில் வாத்தியம் நிமிர்ந்து நிற்கும். வில் பக்கவாட்டில் உரசுவதால் கையின் எடை தந்தியில் முழுதாக இறங்காது. கம்பி வளைந்தால் செல்லோ உயர்ந்து சாயும், வில்லின் எடை தானே தந்தியில் அமரும். உச்ச ஸ்தாயியில் கட்டைவிரல் வைத்து வாசிக்கும் இடது கைக்கும் இது சௌகரியம். ஒரு தொல்லை உண்டு: கம்பியை இறுக்கும் திருகு தளர்ந்தால் வளைவு திரும்பி, செல்லோவும் கூடவே சுழலும். ரஷ்ய செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சும் வளைந்த கம்பிக்கு மாறினார்.

டோர்ட்டலியே 1914இல் பாரிசில் பிறந்தவர். 16 வயதில் பாரிஸ் கன்சர்வேட்டரி இசைக்கல்லூரியின் முதல் பரிசு. பிறகு 1937 முதல் மூன்றாண்டு பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவில். ஆனால் பெயர் வாங்கித் தந்தது, என் கணிப்பில், 1947இல் லண்டனில் பீச்சம் இசைக்குழுவை நடத்த அவர் வாசித்த, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இயற்றிய ‘டான் கிஹோட்டே’தான். பிரிட்டிஷ் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே அவரிடம் பயின்றவர். டோர்ட்டலியே 1990இல் காலமானார்.