சிரித்ததால் சம்மதம் ஆகிவிடாது

கேள்வி: எனக்கு 22 வயது. தேசிய சேவை முடித்து, சிங்கப்பூர் பிரிமியர் லீக் கால்பந்து கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். புதுப் பையன் என்று சொல்லி, பயிற்சி முடிந்ததும் சீனியர்கள் நாலு பேர் என்னைக் கோல் கம்பத்தில் டேப் சுற்றிக் கட்டி, கால்சட்டையை இறக்கி, ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வீடியோவை டீம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பயத்தில் நானும் சிரிக்கும் இமோஜி போட்டேன். தொல்லை இன்னும் நிற்கவில்லை. "எல்லாரும் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்கிறார் கேப்டன். புகார் செய்தால் அந்த இமோஜியைக் காட்டுவார்களா? ஒப்பந்தம் போய்விடுமா?

பதில்: காட்டுவார்கள், தம்பி. ஆனால் அது அவர்களைக் காப்பாற்றாது. நடந்து முடிந்த பிறகு போட்ட இமோஜி, கட்டுவதற்கு முன் கொடுத்த அனுமதி ஆகாது. அடிப்பார்களோ என்ற பயத்தில் இணங்கியிருந்தாலும், அந்தப் பயம் எதிராளிக்குத் தெரிந்திருந்தால் அது சம்மதமே அல்ல என்கிறது தண்டனைச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு.

அமெரிக்கன் ஃபுட்பாலில் இதே வாதம் எழுந்தது. 2013-இல் மயாமி டால்பின்ஸ் வீரர் ஜானதன் மார்ட்டின், சக வீரர்களின் தொல்லை தாங்காமல் அணியை விட்டுப் போனார். தொல்லை கொடுத்தவர்களில் ஒருவரான ரிச்சி இன்காக்னிட்டோவுடன் மார்ட்டின் சிநேகமாகப் பேசிய குறுஞ்செய்திகளைக் காட்டி, நண்பர்களுக்குள் விளையாட்டு என்றார்கள். இதை விசாரித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸின் 2014 அறிக்கை அதை ஏற்கவில்லை. தொல்லை கொடுத்தவரோடு ஒட்டிப் பழகுவதும் தப்பிக்கும் ஒரு வழிதான் என்று புரிந்துகொண்டது. இங்குள்ள நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் நிலைமை அதுவேதான்.

அந்த வீடியோதான் இதில் மிகக் கடுமையான விஷயம். அந்தரங்க உறுப்பு தெரியும்படி சம்மதமில்லாமல் படமெடுத்தால் 2 ஆண்டு வரை சிறை. பரப்பினால் 5 ஆண்டு வரை. காயப்படுத்தியதற்குத் தண்டனைச் சட்டத்தின் 323-ஆவது பிரிவு இருக்கிறது. தொடரும் கேலிக்கும் மிரட்டலுக்கும் 2014-ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உண்டு: 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. அதே சட்டத்தின் கீழ், உங்களை அண்டக்கூடாது என்று பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். அவசரமென்றால் இடைக்கால ஆணை கிடைக்கும்.

குழுவில் எதையும் அழிக்காதீர்கள். அவர்கள் அழிப்பதற்குள் உரையாடலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவை மட்டும் நண்பர்களுக்குக்கூட அனுப்ப வேண்டாம். ஃபோனோடு போலீசில் காட்டுங்கள். மணிக்கட்டில் டேப் தடம் இருந்தால் பாலிகிளினிக் போய், எப்படி வந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது பதிவாகும்.

அப்புறம் ஒப்பந்தம். கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள்; தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும். கேப்டனிடம் வாய்மொழியாகப் பேசிப் பயனில்லை. கிளப் நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள், ஸ்போர்ட் சிங்கப்பூரின் பாதுகாப்பான விளையாட்டு ஆணையத்துக்கும் தெரிவியுங்கள். கிளப் கைகட்டி நின்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதிகளின் 14-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தக் கடிதத்தை மட்டும் ஒரு வழக்கறிஞர் பார்க்காமல் அனுப்பாதீர்கள். வேலையைவிட்டுப் போகும்படி நெருக்கினால் அதையும் தவறான பணிநீக்கம் என்று கோரலாம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைப் பார்க்கும் முத்தரப்புச் சமரச அமைப்பில் மனு சேர்ந்திருக்க வேண்டும்.