தெய்வக் குரல் கேட்கும் நாயகன்

வெண்கலக் கால நாயகனுக்கு தெய்வக் குரல் கேட்பதாக எழுதினால், படித்தவர்கள் "இவன் மனநோயாளியா?" என்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். சிக்கல் குரலில் இல்லை, அவன் அதைச் சந்தேகப்படுவதில்தான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜேன்ஸ் 1976-இல் வைத்த கோட்பாட்டின்படி, அக்கால மனிதருக்குத் தன்னையே உள்ளே பார்த்துக்கொள்ளும் மனம் கிடையாது. மூளையின் வலப்பாதி இட்ட கட்டளை தெய்வ வாக்காகவே ஒலித்தது. (அறிவியலாக இதை ஏற்பவர்கள் குறைவு. கதைக்கு நல்ல தீனி.)

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் முதல் காண்டத்தைப் புரட்டுங்கள். படைத்தலைவன் அகமெம்னானை வெட்ட வீரன் அக்கிலீஸ் வாளை உருவுகிறான். ஏதீனா தேவி பின்னால் வந்து அவன் முடியைப் பிடிக்கிறாள். மற்றவர் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னதும் வாள் உறைக்குள் போகிறது. பிரமையோ என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அதனால் 'குழம்பினான்', 'யோசித்தான்' எல்லாவற்றையும் முதலில் வெட்டுங்கள். 'வெஸ்ட்வேர்ல்ட்' தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் மனித உருவ இயந்திரமான டோலரஸ், தான் கேட்ட குரல் தன்னுடையதே என்று கடைசியில்தான் உணர்கிறாள். உங்கள் ஆளுக்கும் சந்தேகம் அவ்வளவு தாமதமாக வரட்டும்.