கள்ளிச்செடியும் தண்ணீர் லாரியும்

கேள்வி: ஐதராபாத், விசாகப்பட்டினம் என்று ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு பெரிய கம்பெனிகளை அழைக்கின்றன. நம் சென்னை மட்டும் ஏன் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறது? உலகப் பெரும் நிறுவனம் ஒன்றின் தலைமையகத்தை இங்கே கொண்டுவர, விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுத் தொலைக்காட்சி வரை விளம்பரம் செய்தால் என்ன? (வாசகர் ஒருவர், நங்கநல்லூர்)

பதில்: முதலில் ஒன்று. சென்னை கூச்சப்படவில்லை. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டதாக அரசு அறிவித்தது. அழைப்பதில் நாம் யாருக்கும் பின்தங்கவில்லை.

தலைமையகம் வேண்டும் என்ற உங்கள் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. தொழிற்சாலை வேறு, தலைமையகம் வேறு. மறைமலை நகரில் ஃபோர்டு கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, அந்த முடிவு எடுக்கப்பட்ட இடம் அமெரிக்கா. இங்கே ஷிப்டுக்கு வந்துபோன தொழிலாளியின் குரல் அங்கே கேட்கவில்லை. முடிவெடுப்பவர்கள் நம்மூரில் குடியிருந்து, நம்மூர்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்து, நம்மூர் வெள்ளத்தில் கால் நனைத்தால் கணக்கு மாறும். இதுவரைக்கும் நானும் உங்கள் பக்கம்தான்.

விளம்பரத்தில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. 2017 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக வெளிப்படையாக அறிவித்தது. 50,000 வேலை, 500 கோடி டாலர் முதலீடு என்றது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவிலிருந்து 238 விண்ணப்பங்கள் போயின. அரிசோனாவில் இருக்கும் டூசான் நகரத்திலிருந்து 21 அடி உயரக் கள்ளிச்செடி ஒன்றைப் பரிசாக அனுப்பினார்கள். பரிசு வாங்குவதில்லை என்று நிறுவனம் சொல்லிவிட, அந்தக் கள்ளி அரிசோனாவிலேயே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஜார்ஜியாவில் ஸ்டோன்கிரெஸ்ட் என்ற சின்ன ஊர், தன் நிலத்தில் 345 ஏக்கரைப் பிரித்து அதற்கு 'அமேசான்' என்றே பெயர் வைக்கத் தயார் என்றது. ஓர் ஊர் தன் பெயரையே விட்டுக்கொடுக்க முன்வந்ததைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, கடைசியில் யாருக்குக் கிடைத்தது? 2018 நவம்பரில் நியூயார்க்கும், வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனும் தேர்வாயின. பணமும் ஆட்களும் அதிகாரமும் ஏற்கெனவே குவிந்திருக்கும் இடங்கள். நியூயார்க்கில் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகையை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். மூன்றே மாதத்தில் நிறுவனம் அங்கிருந்து விலகிக்கொண்டது. 700 கோடி டாலர் வரை சலுகை காட்டிய நியூவார்க் நகரமும், அதற்கும் மேலே போன மேரிலாந்து மாநிலமும் வெறுங்கையோடு நின்றன. ஜெயித்தது ஆர்லிங்டன் இருக்கும் வர்ஜீனியா மாநிலம். அது அவற்றைவிடக் குறைவாகத்தான் ரொக்கச் சலுகை கொடுத்தது. அதோடு, கணினிப் பொறியியல் படிப்பை விரிவாக்கவும், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் புது வளாகம் கட்டவும் உறுதி கொடுத்தது. அப்படிக் கட்டிய வளாகத்தை யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அமேசான் பிற்பாடு ஆர்லிங்டனில் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தைத் தள்ளிவைத்தது. பல்கலைக்கழக வளாகமோ பக்கத்து ஊரான அலெக்சாண்ட்ரியாவில் அப்படியே நிற்கிறது.

சென்னையில் இருக்கும் தலைமையகங்களைப் பாருங்கள். திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி. யாரும் அவருக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. பக்கத்தில் துறைமுகம் இருந்தது, ரயில் இருந்தது, கடன் தர வங்கி இருந்தது, வேலை தெரிந்த ஆட்கள் கிடைத்தார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-லேயே போட்டது. அந்த மண்ணில்தான் இவையெல்லாம் முளைத்தன. மென்பொருள் நிறுவனமான ஸோஹோவும் அப்படித்தான், இன்றைக்கும் இங்கிருந்தே நடக்கிறது.

முளைத்தவை எல்லாம் தங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான். 14 மாடி, அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே உயரம். அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக. கட்டி முடிப்பதற்குள் 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. தலைமையகம் பம்பாய்க்குப் போயிற்று. 1959-ல் திறந்தபோது இங்கே மிஞ்சியது மண்டல அலுவலகம். அதே செட்டியார் 1937-ல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மட்டும் அதே சாலையில் தலைமையகத்தோடு நிற்கிறது. நம் காலத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம். 2010-ல் சென்னையில் பிறந்தது. இன்று அதன் தலைமையகம் கலிஃபோர்னியாவில். வாடிக்கையாளரும் முதலீட்டாளரும் பங்குச் சந்தையும் அங்கே இருந்தால் அலுவலகமும் அங்கே நகர்கிறது. இதையெல்லாம் விமான நிலைய விளம்பரம் தடுக்குமா?

2025 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் தலைவர், இனி இங்கே முடியாது என்று எழுதினார். அலுவலகம் போய்ச்சேர ஒருவழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், சாலையெல்லாம் பள்ளம் என்றார். ஆந்திர அமைச்சர் உடனே 'விசாகப்பட்டினம் வாருங்கள்' என்று அழைத்தார். நம்மூரிலும் பலர் 'சென்னைக்கு வரட்டுமே' என்றார்கள். நான் நம் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையை நினைத்துக்கொண்டேன்.

போன கோடையில் அந்தச் சாலையில் இருக்கும் காரப்பாக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினேன். விடிகாலை ஐந்து மணிக்குக் கீழே தண்ணீர் லாரிச் சத்தம். வாட்ச்மேன் சம்ப் மூடியைத் தூக்கி, ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டு, நனைந்த அளவைக் கட்டை விரலால் பிடித்துப் பார்க்கிறார். பிறகு நீள நோட்டில் லாரி நம்பர், நேரம், எத்தனையாவது லோடு என்று எழுதுகிறார். அன்றைக்கு அது மூன்றாவது லோடு. அந்த நோட்டில் பின்னோக்கிப் புரட்டினேன், எல்லாப் பக்கமும் அப்படியே. ஐந்தாவது மாடியில் இருக்கும் மென்பொறியாளரின் பிள்ளை பல் தேய்ப்பது அந்தக் கழியின் ஈரத்தைப் பொறுத்து.

2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி அது. தெற்கே நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2013-லிருந்து இருக்கிறது. 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024-ல் வந்தது. ஆலைகள் வந்துவிட்டன. குழாய் இன்னும் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேரவில்லை. பாதாளச் சாக்கடையும் அப்படித்தான். 2019 கோடையில் இந்தச் சாலையில் இருந்த சில ஐ.டி. கம்பெனிகள், தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. எத்தனை கோடி கொட்டி விளம்பரம் எடுத்தாலும், இடம் பார்க்க வரும் கம்பெனிக்காரர் முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் படங்களைத்தான்.

தலைமையகம் என்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அவர்கள் கேட்பது நல்ல பள்ளி, ஓடுகிற பஸ், மழை விட்டதும் வடிகிற தெரு, குழாயில் தண்ணீர். இதே நாலும் ஏற்கெனவே இங்கே இருக்கிற நமக்கும் வேண்டும். புதிதாக ஒரு கம்பெனியும் வராமல் போனாலும் அந்தக் காசு வீணாகாது. கள்ளிச்செடிக்குச் செலவழித்தது அப்படியா?

எனவே என் பதில்: பலகை வைக்கத்தான் வேண்டும் என்றால் விமான நிலையத்தில் வேண்டாம். காரப்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் தெருமுனையில் வையுங்கள். இந்தத் தெருவுக்குக் குழாய் இணைப்பு எந்தத் தேதியில், பொறுப்பான பொறியாளர் யார், எந்த எண்ணில் கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கட்டும். அந்தத் தேதி தவறாமல் தண்ணீர் வந்தால், இந்தப் பக்கத்தில் நானே அதைப் பெரிய எழுத்தில் போடுகிறேன்.