நாய்க்குட்டி பிறகு, கார்டு கடன் முதலில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது 92,000 ரூபாய். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் போக மாதக் கடைசியில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒன்பது வயது மகள் இரண்டு வருடமாக நாய்க்குட்டி கேட்கிறாள். அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும் என்பதால், முடி உதிராத மால்டிபூ (மால்டீஸ், பூடில் கலப்பு) பார்த்திருக்கிறோம். விலை 85,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 12 மாத இ.எம்.ஐ. போட்டால் மாதம் 7,700 வருகிறது. சிக்கனமாக இருந்தால் கட்டிவிடலாம். கார்டில் ஏற்கெனவே 1,40,000 பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மாதாமாதம் தவறாமல் கட்டிவிடுகிறேன். பேத்திக்காக மாமியார் கொடுத்த ஒன்றரை லட்சம் என் பெயரில் எஃப்.டி.யாக இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்கிறார். குட்டிக்கு 35 நாள் ஆகிறது, இந்த வாரமே 10,000 முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா? காப்பீடும் எடுக்கட்டுமா?
- வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: நாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 85,000 அல்ல. 'தவறாமல் கட்டிவிடுகிறேன்' என்று நிம்மதியோடு எழுதியிருக்கும் அந்தக் குறைந்தபட்சத் தொகைதான்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். பாக்கியில் 5 சதவீதம் என்றால் மாதம் 7,000 கட்டுகிறீர்கள். பல கார்டுகளைப் போல உங்கள் கார்டிலும் மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி மட்டும் 4,900. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 880. ஆக, நீங்கள் கட்டும் 7,000 ரூபாயில் கடன் குறைவது 1,200 சொச்சம்தான். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பாக்கி வைத்திருக்கும்வரை வட்டியில்லாக் காலம் என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது. அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. 1,40,000 குறையாமல் நிற்பதற்குக் காரணம் உங்கள் ஊதாரித்தனம் அல்ல, இந்த வழக்கம்தான்.

இதன் மேல் நாய்க்குட்டியின் தவணையை ஏற்றினால் அந்த 7,700 முழுவதும் குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துகொள்ளும். மாதம் 14,700 கட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதம் தடுமாறினால் தாமதக் கட்டணம் தனி.

இனி அந்த எஃப்.டி. ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 10,500 தருகிறது. கார்டு கடன் அதே வருடத்தில் வட்டியும் வரியுமாக 65,000 ரூபாய்க்கு மேல் விழுங்குகிறது. பேத்திக்கு என்று கொடுத்த பணத்தைப் பாதுகாப்பதாக நினைத்து, பேத்தி வளரும் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வெளியே போக விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மாமியாரிடம் மறைக்க வேண்டாம். இந்த இரண்டு தொகைகளையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, பத்து மாதத்தில் திருப்பி வைக்கிறோம் என்று கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பி வைக்கவும் முடியும். கார்டுக்குப் போகும் 7,000, நாய்த் தவணைக்குக் கட்ட முடியும் என்று நீங்களே சொன்ன 7,700, இரண்டும் சேர்ந்தால் பத்து மாதத்தில் 1,47,000.

இப்போது நாய். வாங்கும் விலையை மட்டும் பார்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பூடில் கலப்பு நாய்களின் முடி அதிகம் உதிராது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் தோலோடு சிக்குப் பிடித்துவிடும். பிறகு மொட்டையடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை க்ரூமிங் வேண்டும். அதற்கு மாதச் சராசரி 1,200, தீவனம் 2,000, உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் 600, தடுப்பூசிக்கும் மருத்துவருக்கும் 700 என்று வையுங்கள். 4,500 ஆயிற்று. இந்தச் சிறு நாய்கள் 13 வருடம் வாழ்வது சாதாரணம். விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் ஏழு லட்சம்! 85,000 என்பது மொத்தச் செலவில் ஒன்பதில் ஒரு பங்குதான். தொங்கும் காதுக்குள்ளும் முடி வளர்வதால் சென்னைப் புழுக்கத்தில் காதுத் தொற்று எளிதில் வரும். முழங்கால் சில்லு விலகுவதும் பல் நோயும் சிறு இனங்களுக்கு அதிகம் வருபவை. அறுவைச் சிகிச்சை என்று வந்தால் ஒரே பில்லில் மாதக்கணக்கான சேமிப்பு போய்விடும்.

வீசிங் விஷயத்தில் விற்பவர் பேச்சை நம்பாதீர்கள். ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி உதிராததால் அது இல்லாமல் போகாது. மகளின் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, இப்படி ஒரு நாய் வளர்க்கும் தெரிந்தவர் வீட்டில் அவளைப் பல நாள் பழக விட்டுப் பாருங்கள். வாங்கி மூன்றாவது மாதம் திருப்பிக் கொடுப்பது குழந்தைக்கும் துயரம், நாய்க்கும் துயரம்.

முன்பணம் கொடுக்கவே கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 35 நாள் குட்டிக்கு அவசரப்படுத்துகிறவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் 'டீகப்' நாய் என்று சொன்னால், அப்படித் தனி இனம் எதுவும் இல்லை; அளவுக்கு மீறிச் சிறிதாகப் பிறந்த குட்டிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வளர்க்க முடியாமல் விடப்பட்ட பூடில் கலப்பு நாய்கள் காப்பகங்களுக்கும் வருகின்றன. சென்னை புளூ கிராஸிலும் கேட்டுப் பாருங்கள். குட்டை முடியுள்ள நம் நாட்டு நாய்க்கு க்ரூமிங் செலவு ஏறக்குறைய இல்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

காப்பீடு இப்போதைக்கு வேண்டாம். பிறவிக் குறை, தடுப்பூசி, வழக்கமான பல் சுத்தம் ஆகியவை பல பாலிசிகளில் விலக்கு. இவைதான் சிறு நாய்க்கு அதிகம் வரும் செலவுகள். விலக்குப் பட்டியலை வாசிக்காமல் வாங்காதீர்கள். எஃப்.டி. பழைய நிலைக்கு வந்த பிறகு, நாய் வீட்டில் இருப்பதாகவே நினைத்து மாதம் 4,500 ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். அந்த 14,700 ரூபாயில் மீதியை நாய் வாங்கும் பணமாகச் சேருங்கள். ஆர்.டி.யில் நாற்பதாயிரம் சேர்ந்ததும் அது நாயின் மருத்துவப் பணம். வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுவதும் யார் அதோடு இருப்பது, தினமும் யார் சீவுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்துவிடலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வங்கிக்குப் போய் எஃப்.டி.யை முடியுங்கள். முன்கூட்டி முடிப்பதற்குச் சிறிது வட்டி குறையும், போகட்டும். கார்டு நிறுவனத்தை அழைத்து இன்றைய தேதிக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு அதை ஒரே தடவையில் கட்டுங்கள். அடுத்த பில்லிலும் இடைப்பட்ட நாட்களின் வட்டி கொஞ்சம் வரும், அதையும் கட்டிவிடுங்கள். பிறகு தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) வசதியில் 'குறைந்தபட்சத் தொகை' என்றிருப்பதை 'மொத்தத் தொகை' என்று மாற்றுங்கள்.