சைக்கிள் நாள் வேறு, ராஜகிரி நாள் வேறு

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் விழுப்புரத்திலிருந்து சைக்கிளிலேயே செஞ்சிக்கோட்டை போய், அங்கேயுள்ள ராஜகிரி மலையில் ஏறிப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பத் திட்டம் போட்டிருக்கிறோம். முடியுமா? வழியில் பார்க்க ஏதாவது உண்டா?
- கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: முடியும். ஆனால் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, உச்சி வெயிலில் 800 அடிப் பாறையில் படியேறத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைச் செய்து பாதிப் படியில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். பையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விரட்டக்கூடத் தெம்பில்லை. ராஜகிரி வேண்டுமென்றால் இரவு செஞ்சியில் தங்குங்கள், காலையில் கேட் திறந்ததும் முதல் ஆளாக ஏறுங்கள். ஒரே நாளில் திரும்புகிற ஆசை இருந்தால், மலையைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

வழியில் ஏதாவது உண்டா என்று இரண்டாவதாகக் கேட்டீர்களே, உண்மையில் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். பாதி தூரத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்த கோயில். நான் போன அன்று செங்கல் லாரி ஒன்று என்னை ரோட்டை விட்டே ஓரங்கட்டிவிட்டுப் போனது. அந்தக் கடுப்போடு போய் நின்றால், அங்கே கல்வெட்டு சொல்கிறது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். இல்லாததையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்ட ராஜா எனக்கு அவர் ஒருவர்தான் தெரியும்! வாசலின் இரண்டு பக்கமும் காவலர்கள் நிற்கிறார்கள். உள்ளே மூவருக்கும் மூன்று அறைகள், மூன்றும் காலி. காவலுக்கு ஆள் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. வெளியே வயலில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள், பச்சையாகவே உரித்துத் தின்றுகொண்டு அந்த நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரில் வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

அங்கிருந்து தளவானூர் பக்கம்தான். அதுவும் மகேந்திரன் குடைந்ததே, முகப்பின் மேலே மகர தோரணம் என்ற அலங்கார வளைவைச் செதுக்கியிருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

செஞ்சியை நெருங்கியபின் கால் இன்னும் சொன்னபடி கேட்டால் திருநாதர்குன்று போய்விட்டு வாருங்கள். பெரிய பாறை ஒன்றில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்டதைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சின்ன கல்வெட்டுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் அதைப் படிக்காதீர்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

திரும்பும்போது இருட்டுக்கு முன் விழுப்புரம் சேர்ந்துவிட வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களில் பல பின்விளக்கு இல்லாமல்தான் ஓடுகின்றன.

கேள்வி: இதற்கு கியர் சைக்கிள் அவசியமா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: அவசியமே இல்லை. ரோடு பெரும்பாலும் சமதளம். கியரை விட பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும்தான் முக்கியம், ஏனென்றால் ரோட்டை விட்டு இறங்கினால் சீமைக்கருவேல முள். எனக்கு ஒரே நாளில் இரண்டு தடவை குத்தியது. இரண்டாவது தடவை ஊர்க் கடையில் பெரியவர் ஒருவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, 'முள்ளை எடுக்காம ட்யூபை மட்டும் ஒட்டுனா இப்படித்தான் தம்பி' என்று டயருக்குள் விரலை விட்டுத் தடவி, முதல் முள்ளையே உருவி என் கையில் வைத்தார். மார்கழி, தை மாதங்களில் போங்கள். நெல் காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதன்மேல் ஓட்டினால் திட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: உண்மைதான். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்த இந்தத் தூண்கள் செஞ்சியிலுள்ள வெங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை. அடுத்த தடவை கடற்கரைக்கு நடக்கப் போனால் காந்தியைப் பார்த்தபின் தூண்களின் செதுக்கலையும் கிட்டப்போய்ப் பாருங்கள். அப்புறம் ஒரு நாள் செஞ்சிக்குப் போய் வெங்கடரமணர் கோயிலையும் பாருங்கள், எங்கே குறைகிறது என்று தெரியும்.