ஓம்னிக்கு என்ஜின் வேலை இப்போது வேண்டாம், பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரி. அப்பா வாங்கிய 2008 மாடல் மாருதி ஓம்னி இன்னும் வீட்டில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு சைக்கிள் என்று அதில் கிளம்பிவிடுவோம். கோடநாடு, எமரால்டு, அவலாஞ்சி பக்கம் போவோம்; சில வாரம் மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளியில் ஓட்டுவோம். பிள்ளைகள் ஏற்றத்தில் மிதிக்கும்போது நான் வேனில் பின்னாலேயே மெதுவாக வருவேன். இப்போது ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது கருகல் வாடை வருகிறது. பாதி வழிக்கு மேல் பிரேக் பெடல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் போகிறது. பின்சீட்டுக்கு முன்னால் தரைத் தகட்டில் துரு. குன்னூரில் ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தார்: 9.8, 9.6, 9.7. "என்ஜின் தளர்ந்துபோச்சு, சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணணும், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். ஆயில் குறைவதில்லை, புகையும் இல்லை. செய்யலாமா, வண்டியைக் கொடுத்துவிடலாமா?

பதில்: போர் வேலை வேண்டாம். கொடுக்கவும் அவசரப்பட வேண்டாம். ஆனால் பிரேக்கைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலை இறங்காதீர்கள். மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் அந்தக் கம்ப்ரஷன் கணக்கை முடித்துவிடுவோம், நாற்பதாயிரம் ரூபாய் அதில்தான் தொங்குகிறது. கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண் ஊரின் உயரத்தைப் பொறுத்தது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்றால், அதை அமுக்கி வரும் அழுத்தமும் குறையத்தான் செய்யும். சென்னையில் 12 காட்டுகிற நல்ல என்ஜின் குன்னூரில் 10-க்குள்தான் காட்டும். புத்தகத்தில் இருக்கும் சமவெளி எண்ணோடு ஒப்பிட்டால் நீலகிரியில் ஓடும் எல்லா வண்டிக்கும் போர் பண்ண வேண்டியதுதான். மலையில் பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை. உங்கள் மூன்றும் 0.2-க்குள் ஒட்டி நிற்கின்றன. ஆயில் குடிக்கவில்லை, நீலப் புகை இல்லை. இந்த என்ஜின் நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. கேஜ் வாங்கும்போது கூட வந்த அட்டையை அவர் நம்பியிருக்கலாம்.

"அப்படியானால் ஏற்றத்தில் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது?" என்று கேட்பீர்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், புதிதாக இருந்தபோதே 35 குதிரைத்திறன்தான். ஊட்டி உயரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். நாலு பேர், நாலு சைக்கிள் ஏற்றினால் இரண்டாம் கியரில்தான் ஏறும். அது வியாதி இல்லை. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றுங்கள், கிளட்ச் நழுவுகிறதா பாருங்கள், போதும்.

சரி, பிரேக்கிற்கு வருவோம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் இறங்குகிறீர்கள். ஆளும் சாமானும் சேர்ந்து வண்டி 1,100 கிலோ என்று வையுங்கள். இந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுக்க வெப்பமானால், சுமார் 45 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். கீழ் கியரில் வந்தால் இதில் பெரும்பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நான்காம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான வெப்பத்தை முன்னால் உள்ள இரண்டு சின்ன டிஸ்க்கும் பின்னால் உள்ள இரண்டு டிரம்மும்தான் தாங்க வேண்டும். கருகல் வாடை அங்கிருந்து வருகிறது.

பிரேக் சூடாகிக் கெடுவதில் இரண்டு விதம் உண்டு. பெடல் கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்காவிட்டால், டிஸ்க்கைப் பிடிக்கும் பேடும் டிரம்மைப் பிடிக்கும் ஷூவும் சூட்டில் பளபளத்துப் பிடிப்பை இழந்துவிட்டன என்று அர்த்தம். உங்களுக்கு நடப்பது இரண்டாவது: பெடல் உள்ளே இறங்குகிறது. பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழி வந்துவிட்டது. ஆயிலை அமுக்கினால் பிரேக் பிடிக்கும். குமிழியை அமுக்கினால் குமிழிதான் சுருங்கும். இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் முதல் அறிகுறியே பெடல் காணாமல் போவதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்துப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரைக்கும் வந்துவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் வண்டியில் ஆயிலுக்கு ஈரத்துக்கா பஞ்சம்? பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். தேன் நிறமோ, வெளிறிய மஞ்சளோ என்றால் பரவாயில்லை. டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் அதை யாரும் வருடக்கணக்காக மாற்றவில்லை.

பட்டறையில் "பிரேக் செக் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, புது டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கட்டும். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் ஒதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது, மாற்ற வேண்டும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் முன் காலிப்பரில் பிஸ்டனும் சறுக்கு முளைகளும் தாராளமாக நகர்கின்றனவா என்பதும் முக்கியம். இறுகிக் கிடந்தால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே வரும், நீங்கள் பிரேக் பிடிக்காமலே வாடை வரும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்து, வண்டி நிற்கும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது.

இவ்வளவும் செய்தாலும் ஓட்டும் முறை மாறாவிட்டால் பயனில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மேலோட்டமாக மிதித்தபடி வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும் சாவியை அணைப்பதும் இந்த மலையில் இன்னும் ஒழியாத பழக்கம். என்ஜின் நின்றால், கால் மிதிக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதியோடு உதவி தீர்ந்து, பிறகு உங்கள் கால் பலம் மட்டும்தான். பாதி வழியில் நிறுத்தி ஆறவிடுவது நல்லது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிப்போகும். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். வளைவில் கிடக்கும் அந்தக் கல்லில்தான் இறங்கி வரும் சைக்கிள்காரர் விழுவார். சைக்கிள் குடும்பத்துக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, அத்தனை செங்குத்து. பளுவோடு இந்த வண்டிக்கு அது தேவையில்லாத சோதனை.

டெம்பரேச்சர் முள் ஏறுவதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பிள்ளைகள் பின்னாலேயே மெதுவாக வருவது. நடக்கிற வேகத்தில், முதல் கியரில், அரைக் கிளட்சில் ஏற்றம் ஏறும் என்ஜினுக்குக் காற்றோட்டமே கிடையாது. அதோடு கிளட்ச் பிளேட்டும் தேய்கிறது. பின்தொடராதீர்கள். முன்னால் போய், பார்வை நன்றாகத் தெரியும் அகலமான ஓரத்தில் நிறுத்தி, அவர்கள் கடந்துபோனதும் மறுபடி முந்திப் போய் நில்லுங்கள். பின்னாலிருந்து வேன் பாதுகாப்பு தருகிறது என்று தோன்றும். உண்மையில் பின்னால் வரும் பஸ் உங்களையும் சேர்த்து முந்தப் பார்க்கும். வளைவில் எதிரே வண்டி வந்தால் பஸ் ஒடித்து உள்ளே வருகிற இடத்தில் இருப்பது உங்கள் பிள்ளைகள்தான். மனைவி கூடவே சைக்கிளில் வரட்டும், நீங்கள் முன்னால் போய்க் காத்திருங்கள்.

அதற்குப் பிறகும் முள் ஏறினால் ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். கோத்தகிரி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் ரேடியேட்டருக்குள் அது கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் சமவெளியில் சமாளிக்கும் வண்டி இங்கே கக்கிவிடும். பழைய மூடியில் அடித்திருக்கும் அதே அழுத்த எண்ணில் புதிதாக வாங்குங்கள், விலை கொஞ்சம்தான். சூட்டில் மட்டும் திறந்துவிடாதீர்கள். அப்புறம் ஃபேன் ஓடுகிறதா, ஹோஸ் உப்பியிருக்கிறதா, தெர்மோஸ்டாட்டை யாராவது கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்க்கலாம். ஓம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டைத் தூக்கினால் பாதி விஷயம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இனி துரு. வண்டியை வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்பதை என்ஜின் முடிவு செய்யாது, இதுதான் முடிவு செய்யும்.

கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் சேற்றோடும் ஈரத்தோடும் சைக்கிளை உள்ளே ஏற்றுகிறீர்கள். டயரிலிருந்து வடியும் தண்ணீர் ரப்பர் மேட்டுக்குக் கீழே இறங்கி, அதன் அடியிலுள்ள மெத்தைத் துணியில் ஊறி, வெயில் படாமல் அங்கேயே கிடக்கிறது. தகடு மேலிருந்து அரிக்கிறது. அடியில் பூசிய கறுப்புப் பூச்சு பார்க்க நன்றாகவே இருக்கும். எனவே மேட்டை முழுவதும் எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், செத்த தகடு மொத்தென்று சொல்லும். மொத்தென்ற இடத்தில் முனையால் குத்துங்கள். சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளத்தில் சேறு அடைத்திருந்தால் தோண்டி எடுங்கள், தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் அங்கேதான் அடைபடும்.

தரைத் தகட்டில் மட்டும் ஓட்டை என்றால் கவலை இல்லை. செத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம், நல்ல டிங்கர் செய்து தருவார். துருவின் மேலேயே தகரம் வைத்து ரிவெட் அடிப்பதும், எம்-சீலோ பேஸ்டோ அடைத்துப் பெயின்ட் அடிப்பதும் கூடாது. உள்ளே அரிப்பு தொடரும், வெளியே தெரியாது. பற்றவைக்கும் முன் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க், லைன் எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் மேல்முனை, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில் துரு தகட்டைத் தின்றிருந்தால், வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அதை வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம்.

சைக்கிளை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மேலே கேரியரில் நான்கையும் ஏற்றாதீர்கள். ஓம்னி குறுகலான, உயரமான வண்டி. கூரையில் ஐம்பது கிலோ ஏறினால் கொண்டை ஊசி வளைவில் சாய்வதை நீங்களே உணர்வீர்கள். கேரியர் பிடித்திருப்பது கூரை ஓரத்து மழைநீர்ப் பட்டையை. அந்தப் பட்டையிலும் துரு பாருங்கள். பிள்ளைகளின் இரண்டு சைக்கிளையும் முன்சக்கரம் கழற்றி உள்ளே, பெரியவை இரண்டும் மேலே. உள்ளே இருப்பவற்றைச் சீட் கம்பியோடு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் கட்டாத சைக்கிள் பின்சீட்டுத் தலைகளின் மேல்தான் வந்து விழும். பின் கதவில் தொங்கவிடும் கேரியர் நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைக்கும், அது வேண்டாம்.

டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம். ஓடியது குறைவாக இருந்தாலும் வெடிப்பு விழுந்த பழைய டயரை மாற்றிவிடுங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத வண்டி. முன்சீட்டுக்கு முன்னால் தகட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. உற்பத்தியை 2019-இல் நிறுத்தியதற்கும் புதிய பாதுகாப்பு விதிகள்தான் காரணம். எமரால்டு, கோடநாடு சாலைகளில் முப்பதில் போக இது போதும். கோவை நெடுஞ்சாலையில் எண்பதில் போக இந்த வண்டியை எடுக்காதீர்கள். பாகங்களுக்குப் பஞ்சமில்லை, இது மாருதி 800-இன் என்ஜின்தான்.

ஆர்சி 2023-இல் புதுப்பித்திருப்பீர்கள், 2028 வரை இருக்கும். அடுத்த முறை வண்டி 20 வருடத்தைத் தாண்டியிருக்கும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி அந்த வயதுக் கார் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய், பசுமை வரி தனி. இப்போது செய்யும் தகட்டு வேலை அதுவரை தாங்கினால் கணக்கு சரியாகிவிடும். பிரேக் வேலையை இந்த வாரமே முடியுங்கள். வெல்டிங்கும் அடிப் பூச்சும் காய்ந்த தகட்டில்தான் நிற்கும், எனவே அக்டோபர் மழைக்கு முன்னால் செய்யுங்கள். முடியாவிட்டால் ஜனவரி வரை பொறுத்திருந்து, அதுவரை மேட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.