யாழ்ப்பாணத்து அரச பாடசாலைகளில் காலைப் பிரார்த்தனை கட்டாயமா? மற்றச் சமயப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சட்டப்படி கட்டாயம் இல்லை. நடைமுறையில் எப்படி என்று கேட்டால் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். நான் பாசையூர்க் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவின் வேலை வலிகாமத்தில் என்பதால், சைவப் பிள்ளைகளே நிறைந்த ஓர் அரச பாடசாலையில் சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) வரை படித்தவன்.

அமெரிக்காவில் தடை செய்திருக்கிறார்களே, இங்கே ஏன் இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். அங்கே பிள்ளை ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. நியூயோர்க் மாநிலம் ஒரு பிரார்த்தனையை எழுதி, பாடசாலைகளில் சொல்லச் சொன்னது. விரும்பாத பிள்ளை விலகி நிற்கலாம் என்றிருந்தும், பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசின் வேலையல்ல என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிள்ளை தானாக ஜெபிக்க எந்தத் தடையும் இல்லை.

இலங்கையின் கதை வேறு. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தருகிறது. சமயம் அரச பாடசாலையில் ஒரு பாடம். சாதாரண தரத்துக்கும் அது கட்டாயம். எந்தச் சமயம் என்று தெரிவு செய்யலாம், சமயமே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. எனக்கு இது நெருடல்தான், ஆனால் நம் ஊரில் அதைக் கேட்கும் பெற்றோரை நான் கண்டதில்லை.

அரச பாடசாலையில் பிரார்த்தனை எப்படி வந்தது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே பல பாடசாலைகள் அரசு கட்டியவை அல்ல. மிஷன்காரர் பள்ளி வைத்தார்கள். அதற்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பாடசாலை வைத்தது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு இவற்றில் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது. யாழ். மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் பாடசாலையும் மெதடிஸ்த மிஷனுடையவையாக இருந்து அரசிடம் வந்தவை. பலகையில் பெயர் மாறியது, மணி அடித்ததும் கூடும் பழக்கம் மாறவில்லை. தேவாரம் கொழும்பு அனுப்பிய சுற்றறிக்கையால் வந்ததல்ல, பாடசாலையோடு கூடப் பிறந்தது.

சரி, காலையில் என்ன நடக்கும்? எங்கள் பாடசாலையில் பிரார்த்தனை மண்டப வாசலில் மாணவ முதல்வர் ஒருவர் திருநீற்றுத் தட்டோடு நிற்பார். எல்லோரும் எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போவார்கள். நாங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் தட்டைக் கடந்து போவோம். ஒருமுறை புதிதாக வந்த மாணவ முதல்வர் ஒருவர் என்னை மறித்து, "ஏன் நீ மட்டும் பூசேல்லை?" என்றார். பின்னால் நின்ற உப அதிபர் சேர், "அவனை விடு. உள்ளுக்குப் போய் மரியாதையா நிண்டாப் போதும்" என்றார். அதோடு சரி, பிறகு யாரும் கேட்கவில்லை. கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்த யெகோவா சாட்சிப் பிள்ளைகளின் வழக்கில், எழுந்து மரியாதையாக நின்றார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற போக்கில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்புக் கொடுத்தது. எங்கள் சேருக்கு அந்த வழக்குத் தெரிந்திருக்காது.

நின்று நின்றே வெள்ளிக்கிழமைச் சிவபுராணம் எனக்கு முழுதும் மனப்பாடம். அதனால் என் விசுவாசம் குறைந்ததாகவும் தெரியவில்லை. வாணி விழா அவலையும் கடலையையும் பற்றிக் கேட்காதீர்கள், அதில் எங்களுக்கு எந்தச் சமயப் பிரச்சினையும் இருக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில். பிரார்த்தனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சமய பாடம் பதினொரு வருடம். சைவநெறிப் பாடவேளை வந்தால் எங்களை நூலகத்துக்கு அனுப்புவார்கள், அது பூட்டியிருந்தால் வேப்பமரத்தடி. கத்தோலிக்கம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. தவணைப் பரீட்சைத் தாள் வரும், ஆனால் அதைத் திருத்துவதற்கு வேறு பாடசாலை ரீச்சர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் சமயத்துக்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கும், அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சமயத்துக்குப் போகேல்லையோ?" என்று கேட்பார். எங்களுக்காவது ஞாயிறு மறைக்கல்வி இருந்தது. கத்தோலிக்கரல்லாத சிறு கிறிஸ்தவ சபைகளுக்குப் போகும் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்குரிய பாடம் கிறிஸ்தவம், அது கத்தோலிக்கத்திலிருந்து வேறு புத்தகம். போதகர் வேதம் படிப்பிப்பார், பாடத்திட்டம் படிப்பிக்க மாட்டார். கடைசியில் சிலர் சைவநெறியே எழுதிவிடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை அப்படி எழுதி ஏ சித்தி எடுத்தாள். அவள் வீட்டில் சந்தோஷம், பங்குத்தந்தைக்குத்தான் முகம் சரியில்லை. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் படிப்பிக்க ஆள் இல்லாததால் ஒரு பிள்ளை பாடத்தை மாற்றுவதை நான் தெரிவு என்று சொல்ல மாட்டேன்.

இதை ஒரு பக்கத்துக் குறையாக எடுக்க வேண்டாம். கிறிஸ்தவத் தனியார் கல்லூரிகளில் சைவப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அங்கே ஜெபத்துக்குத் தலை குனிந்து நிற்பவர்கள் அவர்கள்தான். அனுமதிக்காக அலையும் பெற்றோர் ஆங்கிலம், கிரிக்கெட் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள், ஜெபத்தைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டார்கள். முஸ்லிம்களைப் பற்றி இங்கே பேச்சு வராததற்குக் காரணம் பிரச்சினை இல்லை என்பதல்ல. 1990 ஒக்டோபரில் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த அபாயா என்ற நீண்ட மேலங்கி பற்றி 2018இல் எழுந்த சச்சரவு 2022இலும் ஓயவில்லை. கூட இருந்து பழகாத இடத்தில் இது எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பதற்கு அதைப் பார்த்தால் போதும்.

உங்கள் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்றால்: அனுமதிப் படிவத்தில் சமயத்தைச் சரியாக நிரப்புங்கள், "எல்லாம் ஒண்டுதான்" என்று விடாதீர்கள். திருநீறு, பிரசாதம் போன்றவற்றை அதிபரிடம் நேரில் கதையுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் காரியாலயம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதுவும் அரச நடவடிக்கைக்கு எதிராகத்தான். தனியார் பாடசாலை மேல் இந்த வழியில் போவது கஷ்டம். சமய பாட ஆசிரியர் விஷயம் மட்டும் அதிபர் கையில் இல்லை. அதற்கு அதே சமயப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்து வைத்து வலயக் கல்வி அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த தவணை "அப்படி ஒரு கடிதம் வரேல்லையே" என்பார்கள்.